குடை வைத்த கிளாஸ்

என் தம்பி கப்பலில் ஏசி மெக்கானிக் என்று எங்கள் குடியிருப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லி வைத்தது எங்கள் அம்மா. உண்மையில் அவன் ஒரு பயணிகள் கப்பலின் பாரில் நின்று காக்டெயில் கலக்கிக் கொடுக்கிறவன். ஏசிக்கும் அவனுக்கும் இருக்கிற ஒரே தொடர்பு, அந்த பாரில் ஏசி ஓடும் என்பதுதான்.

பொய் சொல்கிறவர்கள் இடம் பொருள் பார்த்துச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில், மே மாதத்தில், மூன்று மாடிக் குடியிருப்பில் இந்தப் பொய்யைச் சொன்னால் என்ன ஆகும்? தம்பி லீவில் வந்து பெட்டியை இறக்கி வைப்பதற்குள் மேல் வீட்டு அக்கா படியிறங்கி வந்துவிடுவார்.

"தம்பி, கப்பல்ல எம்மாம் பெரிய ஏசில்லாம் பாக்குற. எங்கூட்டுது சின்னூண்டு. சொட்டு சொட்டா ஊத்துது. இன்னான்னு ஒரு தபா பாரு கண்ணு."

அம்மா அடுப்படியிலிருந்து அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அவனும் பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய், ஸ்டூலில் ஏறி, பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, ஏதோ தெரிந்தவன் மாதிரி ஏசியின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவான். மூன்று லீவாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஏசி சொட்டிக்கொண்டேதான் இருந்தது. மேல் வீட்டு அக்காவுக்கோ அவன் மேல் இருந்த நம்பிக்கை ஒரு சொட்டும் குறையவில்லை.

அவனுடைய அக்காவான எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை பார்ப்பது எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில். நாள் முழுக்க லாரி டிரைவர்களோடு கத்திக் கத்தி, வாய்க்கு வந்ததை முழுங்கும் வழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. "அவன் இன்னா திருடவா போனான், சொல்றதுக்கு இன்னா வெக்கம்?" என்று அம்மாவோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அவள் மீன் வெட்டும் அரிவாள்மனையை எடுத்துக் கழுவத் தொடங்குவாள். கழுவின அரிவாள்மனையை மறுபடி கழுவுவாள்.

காரணம் எனக்கும் தெரியும். அம்மா மீன் விற்கிறவள், நைனா விசைப்படகு டிரைவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் கரைக்கு வந்த நைனா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் ஒரு கடை இருந்தது. குடித்துவிட்டு வந்து அம்மா மேல் கை வைத்த நாட்கள் உண்டு. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்கிற எனக்கு இதை மட்டும் அப்படிச் சொல்ல வராது. என் கல்யாணத்துக்கு முந்தின ஆடி மாதம் அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மன் கோயிலில், இனிக் குடிப்பதில்லை என்று கயிறு கட்ட வைத்தாள். அன்றைக்கு விட்டவர்தான், பிறகு தொடவில்லை. அந்த நிம்மதியில் அவள் மூச்சு விடத் தொடங்கியபோது, பெற்ற பிள்ளை போய் பாரில் வேலைக்குச் சேர்ந்தான்.

போனில் அம்மா அவனிடம் எல்லாம் கேட்பாள். துன்னியா, தூங்கினியா, கப்பல் ரொம்ப ஆடுதா, போர்வை கீதா. என்ன வேலை செய்தாய் என்று மட்டும் கேட்க மாட்டாள். அவன் கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்டு, விதவிதமான கிளாஸ்களுக்குப் பின்னால் நிற்கும் போட்டோவைக் காட்டினால், "கண்ணு சரியா தெர்லடா" என்பாள். பத்தடி தூரத்தில் கிடக்கிற வஞ்சிரத்தின் கண்ணைப் பார்த்து இன்றையதா நேற்றையதா என்று சொல்கிற கண் அது.

தம்பிக்கு இது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. அந்த லீவில் என்னிடம் வாய் விட்டே சொன்னான். "ஒலகத்துல கீற எல்லா ஜனத்துக்கும் கலக்கிக் குடுத்துட்டேங்கா. எங்கம்மா எங்கையால ஒரு கிளாஸ் குட்ச்சிட்டு, நல்லா கீதுடான்னு சொல்லணும். அது போதும். அப்பால அவ ஏசி மெக்கானிக்குனு சொல்லட்டும், ஏரோப்பிளேன் மெக்கானிக்குனு சொல்லட்டும்."

அவன் திரும்பிப் போக நாலைந்து நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. நைனா வேலையில்லாமல் வீட்டில் இருந்த எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டு முடித்து, விட்டவற்றுக்கே திரும்பவும் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா, தடை இல்லாத சின்ன பைபர் படகில் வந்த மீனை வாங்கிக்கொண்டு காலையிலேயே வியாபாரத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நானும் தம்பியும் கடைக்குப் போய் அன்னாசிப்பழம், மாம்பழம், எலுமிச்சை, சோடா, ஒரு பேமிலி பேக் வெனிலா ஐஸ்கிரீம் எல்லாம் வாங்கி வந்துவிட்டோம். சரக்கே இல்லாமல், கப்பலில் குழந்தைகளுக்குப் போட்டுக் கொடுக்கிற மாதிரி, சோடா மேல் ஐஸ்கிரீம் மிதக்கிற ஒன்றைப் போடுவதாகத் திட்டம். அவன் பெட்டியிலிருந்து இரண்டு சாமான்கள் வெளியே வந்தன. ஒன்று, தீக்குச்சி நீளத்தில் குச்சி வைத்த, கலர் கலரான காகிதக் குடைகள். இன்னொன்று, தென்னை மரப் படம் போட்ட ஒரு வெளிநாட்டுப் பாட்டில்.

அம்மா உள்ளே நுழைந்ததும் நேராக அந்தப் பாட்டிலைத்தான் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"தேங்கா சிரப்புமா. சக்கரத் தண்ணி மாரி."

"நம்மூர்ல தேங்கா இல்லைன்னு கப்பல்லேந்து எத்துகினு வந்தியா?"

மூடியைத் திறந்து முகர்ந்தாள். நைனா ஆசையாக மூக்கை நீட்டினார். அவர் பக்கம் காட்டாமல் மூடிவிட்டாள்.

"இதுல சரக்கு இல்ல?"

"அம்மன் சத்தியமா இல்லமா. இது கொயந்தைங்க குடிக்கிறது."

"சரக்கு இல்லாத வஸ்துவக் குடிக்கவா அவ்ளோ தூரம் கப்பல் ஏறிப் போறானுங்க? யார்கிட்ட டபாய்க்கிற?"

அவள் முறத்தில் காய்ந்த இறாலைக் கொட்டிக்கொண்டு தலை கிள்ள உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, ஷோகேஸைப் பார்த்தபடி. ஷோகேஸின் கண்ணாடிக் கதவில் அடுப்படி மொத்தமும் தெரியும். சின்ன வயதில் நான் சர்க்கரை டப்பாவில் கை விட்டு மாட்டிக்கொண்டதெல்லாம் அந்தக் கண்ணாடியால்தான்.

முதல் தொல்லை கிளாஸ். இதற்கு உயரமான கண்ணாடி கிளாஸ் வேண்டும் என்றான் தம்பி. எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். என் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஒரு செட் மட்டும் ஷோகேஸில் பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியோடு இருந்தது. ஒயின் ஷாப் கிளாஸ் மாதிரி இருக்கிறது என்று அம்மா அதை ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. இப்போது ஷோகேஸுக்கு முன்னால் அவளே உட்கார்ந்திருக்கிறாள். நான் போய் நின்றேன். அவள் இறாலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆனால் காலை மட்டும் ஒரு சாண் இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு சாணில் நான் கதவைத் திறந்து, கையை நுழைத்து, பெட்டியை உருவிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பிறகு ஆட்டம் ஆரம்பித்தது. பழங்களை மிக்ஸியில் அடித்து வடிகட்டி வைத்தான். பெரிய டம்ளருக்குள் சின்ன டம்ளரைக் கவிழ்த்துச் செருகி, அதுதான் ஷேக்கர் என்றான். தோளில் ஒரு துண்டு. ஒரு கையைப் பின்னால் மடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலை குனிந்து, "குட் ஈவினிங் மேடம்" என்றான். மணி மதியம் இரண்டு இருக்கும். வெறும் டம்ளரை மேலே வீசி முதுகுக்குப் பின்னால் பிடித்தான். முழங்கையில் நிறுத்தினான், உருட்டி உள்ளங்கைக்குக் கொண்டுவந்தான். நைனா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விசிலடித்தார். அவர் விசிலடித்து நான் கேட்டே வருடக்கணக்காகிறது. ஷோகேஸ் கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் கை இறாலின் மேல் அப்படியே நின்றிருந்தது.

அந்த உற்சாகத்தில் தம்பி எலுமிச்சம்பழத்தை வீசினான். அது மின்விசிறியில் பட்டு, திசை மாறி, நேராகப் போய் அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து உருண்டு நின்றது. நைனா பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்துக்கோடா, அம்மாவே பார்த்து ஒத்தரவு குட்த்துட்டா" என்றார் நைனா. அம்மா என்று அவர் சொன்னது படத்தில் இருந்தவளை. உட்கார்ந்திருந்தவள் உத்தரவு ஏதும் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

விசிறி நின்றது. ஐந்து நிமிடத்தில் வீடு அவியத் தொடங்கியது. ப்ரீசரைத் திறந்தால் ஐஸ் டிரேயில் ஒரு கட்டிகூட இல்லை. காலையிலிருந்து எடுத்து எடுத்துத் தண்ணீரில் போட்டுக் குடித்தவர் நைனா, திரும்ப நிரப்பி வைக்காதவரும் நைனா. அவரை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்பக்கம் நழுவினார். ஐஸ் இல்லாமல் கலக்கினால் பழச்சாறு வெதுவெதுப்பாக இருக்கும், மேலே ஐஸ்கிரீம் மிதக்காது, கரைந்து கஞ்சியாகிவிடும் என்றான் தம்பி. அந்த ஐஸ்கிரீமோ ஏற்கெனவே டப்பாவின் ஓரங்களில் பளபளவென்று வழியத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை, எந்தக் கடையிலும் ஐஸ் கிடைக்காது. தம்பி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். சற்று முன்பு டம்ளரைப் பந்தாடியவன், துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வுடுக்கா. நமக்கு இது செட்டாவாது" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அம்மா எழுந்தாள்.

அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மாடிப்படிக்கு அடியில் அவளுடைய தெர்மகோல் பெட்டி இருக்கும். சாயங்கால வியாபாரத்துக்காகப் புதிதாக வாங்கிய ஐஸ் பாளம் அதில் சாக்கு சுற்றிக் கிடக்கும். கீழே மரக்கட்டை ஐஸின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. டொம், டொம் என்று நாங்கள் பிறந்ததிலிருந்து விடியற்காலையில் கேட்டுக் கேட்டு விழித்த சத்தம். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவளுக்கு மனது மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணெதிரே ஒரு பொருள் உருகிக் கெட்டுப்போவதை மீன் விற்கிறவளால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அது கை பழகிய தொழில். ஆனால் தம்பிக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பாத்திரம் நிறையப் பொடித்த ஐஸைக் கொண்டுவந்து வைத்து, "மீனு படாத ஐஸ்தான். எத்துக்கோ" என்று அவள் சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவள் முறத்துக்குத் திரும்பிவிட்டாள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் ஆனது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, யாருக்கும் ஒன்றும் ஆனதும் இல்லை.

கப்பலில் ஒரு விதி உண்டு. எதைக் கலக்கினாலும் ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்து, முதலில் தான் ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த விதியைப் பற்றி அவன் என்னிடம் பேசாத நாள் கிடையாது. அன்றைக்கு அதை மறந்தான். அம்மா கையால் ஐஸ் வந்த பிறகு அவனுக்கு விதியாவது ஒன்றாவது.

பழச்சாறு, சிரப், அம்மன் திருப்பிக் கொடுத்த எலுமிச்சையின் சாறு, ஐஸ் எல்லாம் டம்ளருக்குள் போயின. காதோரம் தூக்கி வைத்து அவன் ஆட்டிய ஆட்டத்தில் டம்ளருக்கு வெளியே வியர்த்தது, அவனுக்கும் வியர்த்தது. நான்கு கிளாஸிலும் ஊற்றி, மேலே சோடாவை உடைத்து விட்டான். நுரை பொங்கி மேடை எல்லாம் வழிந்தது. நைனா ஓடி வந்து விரலால் வழிக்கப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன். ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு உருண்டை ஐஸ்கிரீம். அது முழுகி, எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. கடைசியில் குடை.

சாப்பாட்டுத் தட்டில் முதல் கிளாஸை வைத்து எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் எதிரில் மண்டி போட்டான்.

"ஸ்பெஷலுமா. ஒனக்கோசரம் போட்டது."

அம்மா கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "கொட எதுக்குடா?"

"அயகுக்குமா."

"அயகு!" என்றாள். அப்புறம் நைனாவைப் பார்த்தாள். "யோவ், நீ தொடாத. கயிறு கட்டினவன் நீ." என்னைப் பார்த்தாள். "நீயும் வெய்யி. நான் மொதல்ல பாக்குறேன்."

நாங்கள் கிளாஸைக் கீழே வைத்தோம். அவள் குடையை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொண்டையில் செருகிக்கொண்டாள். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடி, கஷாயம் குடிக்கிறவளைப் போல மடமடவென்று குடித்தாள். நிறுத்தவே இல்லை. ஐஸ்கிரீமையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கிளாஸைக் கீழே வைத்தபோது மேலுதட்டில் வெள்ளை மீசை.

"எப்டிமா கீது?" என்றான் தம்பி.

"கீது" என்றாள் அம்மா. உடனே பெரிய ஏப்பம் ஒன்று விட்டாள். ஏப்பத்துக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. "டேய், எனக்குத் தல சுத்துதுடா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முறம் கவிழ்ந்தது, இறால் தரையெல்லாம் சிதறியது, அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். கொண்டையில் ரோஸ் கலர் குடை ஆடியது. நைனா பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "இத்தயாய்யா அம்மாம் வருசம் குட்ச்சிகினு கெடந்த? வாயில வெக்க முடில" என்றாள். நைனாவுக்குச் சிரிப்பதா தலை குனிவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். நான் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அவள் கேட்டாள். மூன்று வருடமாகக் கேட்காததை எல்லாம் சேர்த்து, தலை சுற்றுகிற தைரியத்தில்.

"எத்தினி பேரு வருவாங்க? நின்னுகினே இருக்கணுமா, குந்த வுடுவாங்களா? வாந்தி எட்த்தா நீயா தொடைக்கணும்?" ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்புறம் சிரிப்பு அடங்கி, அவன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். "குட்ச்சிட்டு ஒன்ன யாராச்சும் அடிக்கிறாங்களாடா?"

இதுதான். மூன்று வருடமாக அவள் அரிவாள்மனையைக் கழுவிக் கழுவி மறைத்தது இந்த ஒரு கேள்வியைத்தான். வெட்கம் என்று நான் நினைத்தது வெட்கமே இல்லை, பயம். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லமா. யாரும் கை வெச்சதில்ல" என்றான் தம்பி. "தேங்க்ஸ் சொல்லுவாங்க. ஒரு கெயவி கீறா, வருசா வருசம் எங்க கப்பல்லதான் வருவா. சாயங்காலமானா ரெண்டு கிளாஸ் கேப்பா. ஒண்ணு அவளுக்கு. ஒண்ணு செத்துப்பூட்ட புருசனுக்கு. எதுத்தாப்ல வெச்சிகினு, அவங்கிட்ட பேசிகினே குடிப்பா. நான் ரெண்டுலயும் கொட வெப்பேன்."

அம்மா அவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "படையல் போடறா" என்றாள். "அந்த இன்னொரு கிளாஸ இன்னா பண்ணுவ?"

"அவ போனப்பால ஊத்திடுவேன்மா."

"கால் படாத எடமாப் பாத்து ஊத்து."

"சரிமா."

நான் என் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன். குடித்த வேகத்தில் அப்படியே துப்பினேன். நைனாவின் பனியன் மேல்.

உப்பு! சாதாரண உப்பு இல்லை. காசிமேட்டுக் கடலில் முழுகி வாயைத் திறந்த மாதிரி உப்பு. தம்பி என் கிளாஸைப் பிடுங்கி நாக்கில் வைத்தான். அவன் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஐஸ் பாத்திரத்தில் கை விட்டு ஒரு துண்டை எடுத்து நக்கினான். மெதுவாக அம்மா பக்கம் திரும்பினான்.

"ஐஸ்ல உப்பு போட்டியாமா?"

"ஐஸ ஒட்ச்சா உப்பு போடாம?" என்றாள் அம்மா, இதென்ன கேள்வி என்கிற மாதிரி. "அப்பால எப்டி நிக்கும்?"

பொடித்த ஐஸில் கல்லுப்பைத் தூவினால் குளிர் கூடும், மீன் விறைப்பாக நிற்கும். கட்டையைக் கீழே வைத்ததும் அவள் கை தானாக உப்புச் சாக்குக்குள் போய் இரண்டு பிடி அள்ளும். எதற்கு ஐஸ், யாருக்கு ஐஸ் என்று அந்தக் கைக்குத் தெரியாது. அவளுக்கே அது நினைவில் இருக்காது.

"இம்மாம் உப்ப எப்டிமா முழுசா குட்ச்ச? துப்பிருக்கலாம்ல?" என்று கத்தினேன் நான்.

அம்மா என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். காலி கிளாஸைப் பார்த்தாள்.

"சரக்குன்னா இப்டித்தான் இருக்கும்னு நென்ச்சேன்" என்றாள்.

"சரக்கே இல்லைன்னு சத்தியம் பண்ணேனேமா!"

"நீ எனக்காக பொய் சொல்றேன்னு நென்ச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரக்கின் வாடை பட்டாலே வாசலைக் கழுவி விடுகிறவள், சரக்கு என்று நம்பியே அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்திருக்கிறாள். மகன் மண்டி போட்டுக் கொடுத்தான் என்பதற்காக. தம்பி அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து நான் குனிந்தேன், அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் குனிந்து பார்த்தால் அழுதுகொண்டும் இருந்தான்.

"அப்போ எனக்குத் தல சுத்தினது?" என்றாள் அம்மா சந்தேகமாக.

"சோடா!" என்றார் நைனா. அவ்வளவுதான். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நைனா உப்பு பனியனைக் கழற்றி வீசினார், நான் சிதறின இறால் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

மீதி ஐஸை மூன்று தண்ணீரில் அலசி, தம்பி மறுபடியும் கலக்கினான். இந்த முறை விதிப்படி ருசி பார்த்துவிட்டுத்தான் ஊற்றினான். அம்மா ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி யோசித்தாள். "சப்புன்னு கீது. ஒரு கல்லு உப்பு போடு" என்றாள். போட்டான். மறுபடி குடித்தாள். "இப்போ நல்லா கீதுடா" என்றாள். அவன் அந்த மூன்று சொல்லையும் காதால் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, துண்டைத் தோளில் திருப்பிப் போட்டான்.

கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. மேலே ஏசி உறுமிக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்துப் படியில் செருப்புச் சத்தம்.

"தம்பி கீதா?" என்று மேல் வீட்டு அக்கா வாசலில் தலையை நீட்டினார். "பேஜாரா பூட்ச்சுப்பா. கரண்டு வந்ததுலேந்து கொழா மாரி ஊத்துது. ஒரு எட்டு வந்து பாரேன்."

தம்பி பழக்க தோஷத்தில் எழுந்தான். டூத் பிரஷை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கிவிட்டான். அம்மா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவன் மெக்கானிக்கு இல்லமா" என்றாள்.

"இன்னாது?"

"எம்புள்ள கப்பல்ல பார்ல கீறான். வர்றவங்களுக்குக் கலக்கிக் குடுக்குறான். அதான் அவன் வேல." கொண்டையில் குடையோடு, மீசையோடு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னாள்.

மேல் வீட்டு அக்கா அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தரையில் கிடந்த இறாலையும் பனியன் இல்லாத நைனாவையும் பார்த்தார்.

"அப்போ மூணு வருசமா என் ஏசில கை வெச்சது யாரு?"

"அத்த வுடு," என்று அம்மா ஒரு கிளாஸை எடுத்து, அதில் ஒரு குடையைச் செருகி அவர் கையில் கொடுத்தாள். "குந்து. மொதல்ல இத்த குடி. எம்புள்ள போட்டது."